நாலு மணிக்கு மேல் தண்ணீர்

தள்ளவில்லை. எத்தனை முறை கேட்டாலும் பதில் இதுதான், இம்மானுவேல் தன் மாமியாரைத் தள்ளவில்லை. கன்னியம்மா தானாகத்தான் விழுந்தாள். அவள் காலில் ஒன்று குதித்தது, அவள் பின்னால் நகர்ந்தாள், வாசல் கேட்டின் கம்பியில் முதுகு இடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதித்தது எது என்பதை விட்டுவிட்டு விழுந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, வாய் வலிக்காதா? குழாயடியில் ஒரு கதை, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இன்னொரு கதை. பெண்டாட்டியைத் தவிக்கவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவனாம். அந்தப் பெண்டாட்டி பத்தாம் நாளே கவரைப்பேட்டைக்குப் போய் அவனோடு சேர்ந்துகொண்டாள். அதைச் சொல்ல ஒருத்தருக்கும் நேரமில்லை. பஸ்ஸில் அவன் எழுந்து போனபின் சீட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். முப்பது வருஷம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததை அவன் எதற்காக வெளியே சொன்னான் என்று தெரிந்தபிறகும் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இம்மானுவேல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் இடுக்கி பிடிக்கிறவன். சிவக்கச் சிவக்கப் பாம்பு மாதிரி வெளியே வரும் கம்பியை இடுக்கியால் கவ்வி அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். கண் இமைத்தால் கால் போய்விடும். முழங்கைக்குக் கீழே பொறி பட்ட தழும்பு இல்லாத இடம் கிடையாது. புதிதாக ஒன்றைப் பார்த்து மோனிகா, எப்போது சுட்டது என்று கேட்டால், அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சுட்டிருக்கும் போல என்பான். அவ்வளவுதான் பேச்சு. குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், எதற்கும் முகம் மாறாது. நல்ல ஆள் என்றார்கள். உள்ளே ஆளே இல்லாத வீடு மாதிரி இருந்தான் என்பதுதான் சரி.

மோனிகாவின் அண்ணன் மோசஸ் கட்டிய வீட்டில் பின்பக்கத்து அறையும் ஒரு சின்ன அடுப்படியும் அவர்களுக்கு. முன்பக்கம் மோசஸ், அவன் மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள், அம்மா கன்னியம்மா. வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லை யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவனுக்கு உறைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அவனுக்கு ஒரே பெண், ஷைனி. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள், கணக்கில் மோசஸின் மகளையே திருத்துவாள். ராத்திரி படுத்தால் மட்டும் காலையில் பாய் நனைந்திருக்கும். வாரத்தில் ஐந்து நாள், சில வாரம் ஏழு நாளும். மோனிகா வேலை செய்யும் கம்பெனியில் பெட்டிக்குள் விரித்து மிஞ்சுகிற பாலித்தீன் தாளைக் கொண்டுவந்து பாய்க்கு அடியில் போட்டிருந்தாள். பிள்ளை புரண்டால் அது சரசரவென்று சத்தம் போடும். முன்பக்கத்தில் படுத்திருக்கிறவர்களுக்கும் கேட்கும்.

கன்னியம்மாவுக்குப் பேத்தி மேல் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. மீன் குழம்பில் நடுத்துண்டு ஷைனிக்குத்தான். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று அவளே ஒரு சட்டம் போட்டாள். நாலு மணிக்கு மேல் பிள்ளைக்குத் தண்ணீர் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வருவதே நாலேகாலுக்கு. தண்ணீர்க் குடத்தின் மேல் இருந்த டம்ளரைப் பரண்மேல் ஏற்றி வைத்தாள். பள்ளிக்கூடத்திலோ பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அங்கே போக வேண்டி வரும் என்று பயந்து ஷைனி அங்கேயும் குடிப்பதில்லை. காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர். உதடு வெடித்துத் தோல் உரியும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்கள்.

இம்மானுவேலின் ஆலையில் வேறு சட்டம். அந்தச் சூட்டில் ஆள் மயங்கி விழுந்துவிடக்கூடாது என்று மணிக்கொரு தரம் விசில் ஊதி, உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் கட்டாயமாகக் குடிக்க வைப்பார்கள். குடிக்காதவனைச் சூப்பர்வைசர் திட்டுவார். அவன் வரிசையில் நின்று குடிப்பான், வீட்டுக்கு வந்து மகளின் உதட்டைப் பார்ப்பான். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவனுக்குள் எதுவோ ஒத்துழைக்கவில்லை. பார்ப்பான், படுத்துவிடுவான்.

தண்ணீரை நிறுத்தியும் பாய் காயவில்லை. கன்னியம்மா கர்த்தரிடம் போனாள். பேரன் பேத்தி வியாதிக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்தால் சபையில் மைக்கில் வாசித்து எல்லாரும் ஜெபிப்பார்கள். அவளும் மோசஸின் மகளை விட்டு எழுதவைத்துப் பெட்டியில் போட்டாள். நல்ல எண்ணத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேர் நடுவில் அதை வாசித்தார்கள்: சகோதரி கன்னியம்மாளின் பேத்தி ஷைனி, இரவில் படுக்கையை நனைக்கும் பலவீனத்திலிருந்து விடுதலை அடைய. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஷைனி முன்வரிசையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு அங்கே பெயரே விடுதலை. விடுதலை வந்துட்டாளா, விடுதலை, தள்ளிக் குந்து. அவள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். கடைசி வரிசையில் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இம்மானுவேல் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தான். அப்படி உட்காருவது எப்படி என்று அவனுக்குத் தெரியும்.

மோனிகாதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவனையும் லீவு போட வைத்தாள். கன்னியம்மாவும் கூடவே கிளம்பினாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டரம்மா. பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தவுடன் கேட்டது, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது என்றுதான். நாலு நாள். தண்ணீர் இல்லாமல் மலம் இறுகி உள்ளே அடைத்துக்கொண்டு மூத்திரப்பையை நெருக்குகிறது, நீங்கள் தண்ணீரை நிறுத்தியதால்தான் இன்னும் மோசம் என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரை தாராளமாகக் குடிக்க வேண்டும், படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் மட்டும் குறைத்தால் போதும். பகலில் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் போக வேண்டும், படுக்கும்முன் கட்டாயம் போக வேண்டும். கீரையும் பழமும் கொடுங்கள். மூத்திரப்பை நிறைந்துவிட்டது என்று தூக்கத்தில் தட்டி எழுப்புகிற மணி ஒன்று உடம்புக்குள் இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு அது தாமதமாகத்தான் அடிக்கப் பழகும், பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், நாலு பேர் முன்னால் பேசாதீர்கள். காய்ந்த நாளைக் காலண்டரில் குறித்து வாருங்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு வேண்டுமானால் மாத்திரை யோசிக்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். தாய் தகப்பனில் யாருக்காவது சின்ன வயதில் இது இருந்ததா? பெரும்பாலும் அப்படித்தான் வரும் என்றும் சொன்னார்.

மோனிகா இல்லை என்றாள். அது உண்மை. டாக்டரம்மா இம்மானுவேலைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் மாமியார் நின்றிருந்தாள். அவனும் இல்லை என்றான்.

அந்த ஒரு இல்லைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மூத்திரத்தைச் சோதித்ததில் சர்க்கரை இல்லை, கிருமியும் இல்லை. எளாவூர் பக்கம் பஸ் திரும்பும்போதே கன்னியம்மா கணக்கை முடித்துவிட்டாள். உடம்பில் வியாதி இல்லை, வம்சத்தில் இல்லை. அப்படியானால் கொழுப்பு, இல்லாவிட்டால் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள். கொழுப்பானாலும் பயமானாலும் மருந்து ஒன்றுதான். என்ன மருந்து என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி மோனிகா ஆரம்பித்தாள். கன்னியம்மா டம்ளரைப் பரணிலிருந்து இறக்கவில்லை, மோனிகா நீலக் கலரில் ஒரு வாட்டர் பாட்டில் வாங்கி ஷைனியின் பையில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் சொல்லி, கூட்டாளி ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். சபைக் காலண்டரில் காய்ந்த நாளுக்கு ஷைனி மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் கட்டத்தை நிரப்ப வேண்டும். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் ஒரு கட்டம். மூன்றாம் வாரம் மூன்று. இம்மானுவேல் வேலைக்குக் கிளம்பும்முன் காலண்டர் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பான். சந்தோஷமா என்று மோனிகா கேட்டதற்கு, மஞ்சள் நன்றாக இருக்கிறது என்றான்.

இன்னும் இரண்டு மாதம் யாரும் வாயை வைக்காமல் இருந்திருந்தால் கதையே வேறு. ஆனால் மோசஸின் மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள், புதன்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் திருவள்ளூரிலிருந்து முதல் நாளே வந்து தங்குவார்கள். பின்பக்கத்து அறையிலும் நாலு பேர் படுக்க வேண்டும். பாலித்தீன் சரசரப்பையும் காலை வாசனையையும் சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படி மறைப்பது? மோசஸுக்கு முகம் கடுத்தது. அப்போதுதான் கன்னியம்மா மருந்தை வெளியே எடுத்தாள். ஞாயிறு சாயங்காலம் தவளை கட்டிவிடலாம் என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உயிரோடு ஒரு தவளையைப் பிடித்து, பின்னங்காலில் கறுப்புக் கயிறு கட்டி, பிள்ளையின் இடுப்பில் சட்டைக்கு உள்ளே தொங்கவிட்டு, நாலு பேர் பார்க்க வாசற்படியில் உட்கார வைப்பது. அது வயிற்றில் துள்ளத் துள்ள பிள்ளை அலறும். அலறினால் பயம் தெளிந்து பாய் நனைவது நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள். கர்த்தர் கேட்பார், ஆனால் நாமும் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும் என்றாள் கன்னியம்மா. ஐப்பசி மழைக்குப் பின்வீட்டுக் காலி மனையில் தண்ணீர் நின்றது, தவளைக்குப் பஞ்சமில்லை.

சனிக்கிழமை காலை இதை மோனிகா கணவனிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது. பிறகு மறுபடி சாப்பிட்டான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்பாள், மாப்பிள்ளை சொல்லுக்கு மரியாதை உண்டு என்றாள் மோனிகா. என்ன சொல்வது என்றான் அவன். கட்டக்கூடாது என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்பாளே என்றான். மோனிகா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏன் என்பதற்கு அவனிடம் பதில் இருந்தது. அது எளாவூருக்கு உள்ளே தள்ளி, அவன் பிறந்து வளர்ந்த தெருவில் கிடந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்கு நடவு நட்டவர்கள். அவனுக்கு எட்டு வயது. தெருவே கூடி நின்று பார்த்தது. தவளை கட்டினார்கள். அது வயிற்றில் துள்ளியது. அவன் அலறவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அலறாததால் பலிக்கவில்லை என்று, விடியும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது முதலில் வேகமாகத் துள்ளியது, பிறகு எப்போதாவது, பிறகு இல்லை. காலையில் கயிற்றை அறுத்தபோது அது விறைத்திருந்தது. பாயும் நனைந்திருந்தது. அதற்குப் பிறகு எது குளிர், எது சூடு என்று அவன் உடம்பு அவனிடம் சரியாகச் சொன்னதில்லை. பதினாலு வயது வரைக்கும் நனைத்தான். பிறகு ஒரு மாசம் காய்ந்தது, அடுத்த மாசமும் காய்ந்தது, தானாக நின்றுபோனது. அதற்கு யாரும் எதையும் கட்டவில்லை.

இதை அவன் மோனிகாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அந்த வீட்டில் அவன் மரியாதை என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் மகளுக்கு என்ன ஆகும் என்றும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காலை ஷிப்ட். விசில் ஊதும்போதெல்லாம் வரிசையில் நின்று தண்ணீர் குடித்தான். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தான். வாசலில் மூடி போட்ட பெயின்ட் வாளி ஒன்று இருந்தது, மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். லோகு என்கிற பக்கத்து வீட்டுக்காரன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஷைனி சபைக்குப் போன வெள்ளைக் கவுனோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பக்கத்தில் போய்க் குந்தினான். அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"நைனா, அது கடிக்குமா?"

"கடிக்காது."

"அப்ப இன்னா பண்ணும்?"

"செத்துப்பூடும்" என்றான்.

கன்னியம்மா கறுப்புக் கயிற்றோடு வந்தாள். வாங்க மாப்ளே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க என்றாள். அவன் எழுந்து நின்றான். கை இரண்டும் தொங்கின. குரல் உயரவில்லை. ஆலையில் எத்தனை கம்பி ஓடியது என்று சொல்கிறவன் மாதிரிதான் சொன்னான்.

"வேணா அத்தே. எனக்குக் கட்னாங்க, எட்டு வயசுல. நிக்கல. பதினாலு வயசு வரிக்கும் நான் நனைச்சிக்கினுதான் இருந்தேன். டாக்டரம்மா கேக்கசொல்லோ இல்லன்னு பொய் சொல்ட்டேன். எங்கிட்டருந்து வந்ததுதான் இது. புள்ள மேல தப்பு இல்ல."

வாளிக்குள் ஏதோ இடிக்கும் சத்தம் கேட்டது. அடுப்படிக் கதவருகே நின்ற மோனிகா அவனை முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். அதுவரை வாங்க, போங்க என்று அழைத்த கன்னியம்மாவின் வாய் அந்த நிமிஷமே 'நீ'க்கு இறங்கியது.

"இத்த அன்னிக்கே சொல்லிருந்தா நாங்க பொண்ணே குட்த்திருக்க மாட்டோமே. நீ வாயத் தொறக்காம இருந்ததுக்கு இதான் காரணமா?"

மோசஸ் சிரித்தான். "இப்ப எப்டி மச்சான்? கம்பெனி பஸ்ல சீட்டு காஞ்சிகினு வருதா?" என்றான். லோகு சிரித்தான், பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். போன் அப்படியே தூக்கியபடி இருந்தது. இம்மானுவேலின் முகம் மாறவில்லை. கூசியதா என்று கேட்டால், கூசியிருக்கும் போல என்றுதான் சொல்லியிருப்பான்.

கன்னியம்மா விடுகிறவள் இல்லை. அப்பனிடமிருந்து வந்தது என்றால் இன்னும் கட்டாயமாகக் கட்ட வேண்டும், இவளோடு அறுத்துவிட வேண்டும், நாளைக்கு இவள் பெறுகிற பிள்ளைக்கும் போய்விடக் கூடாது என்று கயிற்றைப் பிரித்தாள். அவன் வாளியின் மேல் கை வைத்தான். மோசஸ் சிரிப்பை நிறுத்தினான்.

"கைய எடு மச்சான். இது என் ஊடு. புதன்கெயமைக்கு ஆளுங்க வராங்க. இங்க இருக்கணும்னா எங்கம்மா சொல்றத கேட்டுக்கினு இரு."

இம்மானுவேல் அதைக் கொஞ்சம் யோசித்தான். பிறகு, "சரி. உன் ஊடுதான்" என்றான்.

மூடியைத் திறந்து வாளியைச் சாய்த்தான். வெளியே வந்தது பெரிய தவளை. ஒரே தாவில் கன்னியம்மாவின் பாதத்தில் இறங்கியது. அவள் பின்னால் போனாள், வாசல் கேட்டின் கம்பியில் முதுகு பட்டு உட்கார்ந்தாள். இம்மானுவேல் அவளுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தான், கையில் காலி வாளி. லோகுவின் போனில் இதெல்லாம் இருக்கிறது, தள்ளினான் என்கிறவர்கள் வாங்கிப் பார்க்கலாம். தவளை இரண்டாவது தாவில் சாக்கடைக்குள் போனது, மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை.

அவனே போய் மாமியாரைக் கைகொடுத்துத் தூக்கினான். அவள் எழுந்து நின்றபிறகு அவன் கையைத் தட்டிவிட்டாள். அவன் பின்பக்கத்து அறைக்குப் போனான். ஷைனியின் பள்ளிக்கூடப் பை, இரண்டு உடுப்பு, அவனுடைய ஆலைச் சட்டை. பாயைச் சுருட்டினான். பாலித்தீன் தாளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். மறைத்து எடுத்துப்போக ஒரு கோணிப்பை பக்கத்திலேயே கிடந்தது, அதை அவன் தொடவில்லை. சுவரிலிருந்த காலண்டரை ஆணியோடு பிடுங்கினான். கவரைப்பேட்டையில் ஆலை ஆள் ஒருத்தன் வீட்டுக்குப் போகிறோம் என்று மோனிகாவிடம் சொன்னான்.

வாசலுக்கு வந்தபோது தாள் சரசரவென்றது. பெண்கள் வழிவிட்டார்கள். ஷைனி எழுந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மோனிகா அம்மாவின் முதுகைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். புதன்கிழமை நிச்சயத்துக்கு அண்ணி ஒருத்தியால் சமைத்து முடியாது. அம்மாவுக்கு உண்மையாகவே வலி. நானும் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போனாள். பரண்மேல் கைநீட்டி டம்ளரை இறக்கினாள். அந்த டம்ளரால் குடத்திலிருந்து மொண்டு மொண்டு நீலப் பாட்டிலை விளிம்புவரை நிரப்பினாள். எல்லாரும் பார்க்க வந்து மகளின் கழுத்தில் அதன் வாரை மாட்டிவிட்டாள்.

"பஸ் வர்றதுக்குள்ள பாதியாவது குடி. கவரைப்பேட்டைல எறங்குனதும் பாத்ரூம் போ" என்றாள்.

மணி நாலரை. கன்னியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷைனி அந்தப் படியிலேயே நின்று மூடியைத் திறந்து குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள், வெள்ளைக் கவுனில் முன்பக்கமெல்லாம் சிந்தியது. இம்மானுவேல் அவள் முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு பாலித்தீன் தாளைச் சரியாக இடுக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தான். அவள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. அவன் ஒரு தரம் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். இரண்டு பேரும் வாசலைத் தாண்டினார்கள்.